வீட்டுலயே படிக்க வைக்கிறோம்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற கேள்விங்க

திருச்சியில இருக்கோம். பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 4. ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போகல, பொண்ணு மட்டும் எல்கேஜி ஏழு மாசம் போனா. கல்யாண வீடு, பஸ்ஸு, பால் பூத்து எங்க போனாலும் "பாப்பா எந்த ஸ்கூலு?"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஓடுது, வர்ற கேள்வி எல்லாம் அதே கேள்விங்கதான், அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். நான் டீச்சர் கெடையாது. பி.காம் படிச்சிட்டு அஞ்சு வருஷம் ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாத்தவ. அதனால இதுல எங்க வீட்டுல நடந்ததும், நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இருக்கும்.

ஏன் ஸ்கூல நிறுத்துனீங்க? டீச்சர் அடிச்சாங்களா?

இல்லங்க, யாரும் அடிக்கல. அந்த டீச்சர் ரொம்ப நல்லவங்க, ஆனா ஒரு ரூம்ல 42 பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க. தெனமும் மூணு பக்கம் எழுதிட்டு வரணும், நாலரை வயசுக் கை, பென்சில் புடிச்ச எடத்துல செவந்து போயிருக்கும். அதக்கூட தாங்கிக்கிட்டோம். ஒரு நாள் சாயங்காலம் நான் சும்மா "இந்தப் பூ பேரு என்னடா?"ன்னு கேட்டேன், நான் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே "எனக்குத் தெரியாதும்மா"ன்னுட்டா. அது செம்பருத்தி, அவளே தண்ணி ஊத்துற செடி. அடுத்த வாரமும் அப்படியே, எத கேட்டாலும் தெரியாது தெரியாதுன்னு. சரி ரெண்டு மாசம் நிறுத்திப் பாப்போம்னு நிறுத்துனது, இப்ப மூணு வருஷம் தாண்டிருச்சு.

இது சட்டப்படி தப்பில்லையா?

இதுக்கு நேரா ஆமா இல்லன்னு ஒரு வார்த்தைல பதில் கெடையாது, யாராவது "ஃபுல்லா லீகல்"னு அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, "ஜெயில்ல போடுவாங்க"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, 6ல இருந்து 14 வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. அதுல "கட்டாயம்"ங்கறது முக்கியமா அரசாங்கத்துக்கு, அதாவது பிள்ளைங்களுக்கு ஸ்கூல் குடுக்க வேண்டியது அவங்க கட்டாயம். பத்தாவது பிரிவுல பெத்தவங்களும் பிள்ளைய ஸ்கூல்ல சேக்கணும், அது அவங்க கடமைன்னு இருக்கு. ஆனா சேக்காத பெத்தவங்களுக்கு இன்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல. ஹோம்ஸ்கூலிங்கற வார்த்தையே அதுல இல்ல. இந்த எடைவெளிலதான் இந்தியா பூரா ஹோம்ஸ்கூல் குடும்பங்க இருக்கு.

ஆபீசருங்க யாராவது வந்தாங்களா?

வந்தாங்க. பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புன்னு வருஷா வருஷம் நடக்கும், வீடு வீடா வருவாங்க. அது நல்ல வேலைதான், செங்கல் சூளைலயும் கடைலயும் வேலை செய்யுற பிள்ளைங்கள கண்டுபுடிச்சு ஸ்கூல்ல சேக்குறதுக்கு. ரெண்டு டீச்சருங்க வந்து ஒக்காந்தாங்க, நான் மோர் குடுத்தேன், பொண்ணுகிட்ட ஒரு பத்திரிகைய குடுத்து வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சா. அவள ஒரு பெருக்கல் கேட்டாங்க, விரல் விட்டு எண்ணி லேட்டா சொன்னா. "பேராவது ஒரு ஸ்கூல்ல போட்டு வைங்கம்மா"ன்னாங்க. பேர மட்டும் போட்டுட்டு வராம இருந்தா அது பொய்க் கணக்கு, எனக்குப் பிடிக்கல, அப்படியே சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்க. நோட்டு, வரைஞ்சது, எழுதுனது எல்லாம் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வச்சிருந்தது அன்னைக்கு உதவுச்சு. நீங்களும் வைங்க.

காலைல ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும் நீங்களே பாடம் எடுப்பீங்களா?

முதல் ஆறு மாசம் அந்த முட்டாள்தனத்தத்தான் பண்ணேன். சொவத்துல டைம்டேபிள், ஒரு ஒயிட் போர்டு, பீரியட் பெல்லுக்கு மொபைல் அலாரம் வேற. ஸ்கூல்ல 42 பேருக்கு நடுவுல கெடச்ச திட்டு இங்க மொத்தமும் அவ ஒருத்திக்கே கெடச்சுது. ஒரு நாள் அவளே வந்து "அம்மா, ஸ்கூல்ல ரீசஸ் விடுவாங்க"ன்னா. போர்ட கழட்டிட்டேன், இப்ப அதுல மளிகை லிஸ்ட் எழுதுறோம்.

இப்ப நோட்டு பென்சில் எடுத்து ஒக்காருறது ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம், அதுவும் ரெண்டு தவணையா. மத்ததெல்லாம் வீட்டு வேலைதான். சும்மா கூட நிக்க விடுறது இல்ல, நெஜமாவே வேலை, அவங்க செய்யலன்னா அந்த வேலை நடக்காது. துணி மடிக்கிறது, அரிசி அளக்குறது, பால் கணக்கு எழுதுறது, கொத்தமல்லி ஆயுறது. ஒண்ணே ஒண்ணு, நான் செஞ்சா பத்து நிமிஷத்துல முடியுறது அவங்க செஞ்சா நாப்பது நிமிஷம் ஆகும், கீழ சிந்தும், தொடைக்கணும். அந்த முப்பது நிமிஷத்த பல்லக் கடிச்சிக்கிட்டு விட்டுக் குடுக்க முடியுமாங்கறதுதான் ஹோம்ஸ்கூலிங்ல கேள்வியே, புக்கு கரிகுலம் எல்லாம் அப்பறம்.

இத நான் ஒண்ணும் புதுசா கண்டுபுடிக்கல. மரியா மாண்டிசோரி அம்மா 1939ல சென்னை அடையாறுக்கு வந்தாங்க, உலகப்போர்ல மாட்டிக்கிட்டு 1946 வரைக்கும் இந்தியாவுலயேதான் இருந்தாங்க, கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம். அவங்க முறைல சின்னப் பிள்ளைங்களுக்கு மொதப் பாடமே தண்ணி ஊத்துறது, பட்டன் போடுறது, மேசை தொடைக்கிறதுதான். காசு கட்டி அந்த ஸ்கூல்ல சேத்தா பயறு வகைய பிரிக்கச் சொல்றாங்க, எங்க அப்பாயி வீட்டுல அத முறத்துல போட்டு சும்மாவே குடுத்தாங்க.

கணக்கு எப்படிச் சொல்லித் தருவீங்க?

இதுலதான் வீடு ஸ்கூல ஜெயிக்கும்னு நான் நெனைக்கிறேன்.

இட்லி மாவு. எங்க வீட்டுல நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஒரு தடவ சொந்தக்காரங்க வர்றாங்கன்னு ஆறு டம்ளர் போடணும், "உளுந்து எவ்வளவு, நீயே போடு"ன்னுட்டு நான் துணி காயப் போடப் போயிட்டேன். நாலுக்கு ஒண்ணு, அதுக்கு மேல ரெண்டு கூட இருக்கு, அதுக்கும் ஒண்ணுன்னு ரெண்டு டம்ளர் போட்டுட்டா. வந்து பாத்தேன், தெரிஞ்சுது, சொல்லல. (அத்தைக்கு, அதான் என் மாமியாருக்கு, மட்டும் கண்ணக் காட்டுனேன், அவங்க தலைல அடிச்சிக்கிட்டாங்க.) மறுநாள் காலைல இட்லி சப்பையா, துணில இழுத்துக்கிட்டு வருது. ஏன்னு அவளே கேட்டா. அரிசி டம்ளர நாலு நாலா வச்சுப் பாக்கச் சொன்னேன், கடைசில ரெண்டு டம்ளர் தனியா நிக்குது. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "அதுக்கு அரை டம்ளர் போதும்ல?"ன்னா. ஒன்றரை. விகிதம்ங்கற வார்த்தைய நான் இன்னும் சொல்லல, அது வர்றப்ப வரட்டும்.

காய் வாங்க காந்தி மார்க்கெட் போனா காசுப்பை அவகிட்டதான். தக்காளி கிலோ 40ன்னா முக்கால் கிலோ எவ்வளவுன்னு அவ சொல்லணும், கடைக்கார அண்ணன் காத்துக்கிட்டு இருப்பார், பின்னாடி நிக்கறவங்க உச்சு கொட்டுவாங்க, அதனால கூட்டம் இல்லாத நேரமா பாத்துப் போறது. கால், அரை, முக்கால்னு நம்ம பேச்சுலயே பின்னம் கெடக்கு. அத்தை இன்னும் அரைக்கால்னு சொல்வாங்க, எட்டுல ஒண்ணு. பொண்ணு அத ஒரு நாள் எனக்கே சொல்லித் தந்தா, கால்ல பாதி அரைக்கால்னு.

கோலம் அத்தை டிபார்ட்மெண்ட். ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நாலுல நிறுத்தணும்னா நடுவுல ஏழு, மேலயும் கீழயும் ஆறு, அஞ்சு, நாலு. மொத்தம் எத்தன புள்ளின்னு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்தா, அப்பறம் ஒரு நாள் மேல பாதியும் கீழ பாதியும் ஒண்ணுதானேன்னு 15, 15, நடுவுல 7, ஆக 37ன்னா. பல்லாங்குழி இன்னும் கில்லாடி. 14 குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழில எடுத்தா எங்க போய் முடியும்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாக்கணும், அத்தை இதுல ஈவு இரக்கமே பாக்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். வாய்ப்பாடு தானா வராது. அந்த டீச்சருங்க கேட்டப்ப முழிச்சாளே, அதுக்கு அப்பறம் தெனமும் ராத்திரி மாடிப்படி ஏறும்போது ஒரு வாய்ப்பாடு, படிக்கு ஒரு பெருக்கல்னு மனப்பாடம்தான் பண்றோம். எல்லாமே வெளையாட்டா வந்துரும்னு சொல்றவங்க பேச்ச கேட்டு ஒரு வருஷம் வீணாச்சு.

தமிழ் எழுத்து 247ஐயும் எப்படிப் படிக்க வச்சீங்க?

அ ஆ இ ஈன்னு வரிசையா ஆரம்பிக்கல. இ எழுதுறது பெரியவங்களுக்கே சிக்கல், அத மூணு வயசுப் பிள்ளைகிட்ட குடுத்தா என்ன ஆகும். கோடு மாதிரி இருக்குற ட, ப, ம இந்த மூணுதான் மொதல்ல, கூட ஒரு புள்ளி. இத வச்சே படம், பட்டம், மடம், மட்டம்னு நாலு வார்த்தை வாசிக்கலாம். மொத நாளே வாசிச்சுட்டோம்ங்கற சந்தோஷம் பிள்ளைக்கு பெரிய விஷயம். வாசல்ல ஈரத் தரைல கோலப்பொடில எழுதுறது, அப்பறம் சாக்பீஸ், பென்சில் கடைசியா. பையன் இப்ப பொடி கட்டத்துல இருக்கான், பட்டம்ங்கறதுல ட் புள்ளிய மட்டும் அவ்வளவு பெருசா போடுவான்.

பஸ் போர்டுதான் எங்க ரீடிங் புக். சத்திரம், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர், துவாக்குடி. ஸ்ரீரங்கத்துல ஆரம்பிச்சு "அது ஏம்மா ஸ்ரீ மட்டும் வேற மாதிரி இருக்கு?"ன்னு கேட்டு, கிரந்த எழுத்து வரைக்கும் போனோம். ல ள ழ பேசுறப்ப திருச்சிக்காரங்க நாங்களே ஒழுங்கா சொல்றது இல்ல, வாழப்பழம் வாளப்பளம் ஆயிரும், அதனால அது எழுத்துலயும் வருது, இன்னும் தகராறுதான்.

கதைப் புக்குக்கு மாவட்ட மைய நூலகம் போறோம். இன்டர்நெட்ல பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைங்க லெவல் வாரியா இலவசமா இருக்கு, அரவிந்த் குப்தா தளத்துலயும் இருக்கு, தீப்பெட்டி பழைய பேனான்னு குப்பைலயே பொம்மை செய்ய சொல்லித் தர்றாரே அவர்தான், பத்மஸ்ரீ வாங்குனவர். அரசுப் பாடப்புத்தகமும் பிடிஎஃப்பா எறக்கிக்கலாம், ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புப் புக்கு இப்ப நெஜமாவே அழகா இருக்கு.

இங்கிலீஷ்?

மெதுவாத்தான் வருது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க பக்கத்துல நின்னா இவ பின்தங்கிதான் இருக்கா, எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். தெனம் ராத்திரி ஒரு இங்கிலீஷ் கதை நான் சத்தமா வாசிக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

சயின்ஸ் எல்லாம் வீட்டுல எப்படி? லேப் வேணாமா?

எட்டு வயசுக்கு எந்த ஸ்கூல்ல லேப்? அத விடுங்க, ஒண்ணு சொல்றேன்.

பேப்பர்ல தெனம் மேட்டூர் அணை நிலவரம் வரும்ல, அதுல இருந்து ஆரம்பிச்சுது. வழக்கமா ஜூன் 12ல தண்ணி தொறப்பாங்க, 2024ல தொறக்கல, அணைல தண்ணியே இல்ல, அத்தை தெனம் அதயே பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்க பொறந்த வீட்டுல லால்குடி பக்கம் வயல் இருக்கு. பொண்ணுக்கு அப்ப ஆறரை வயசு. கட்டம் போட்ட பேப்பர ஒட்டி ஒட்டி நீட்டமாக்கி கதவுக்குப் பின்னாடி மாட்டுனோம், தெனம் காலைல பேப்பரப் பாத்து எத்தன அடின்னு ஒரு புள்ளி. நாப்பது அடி சொச்சத்துலயே நாள் கணக்கா கோடு படுத்துக் கெடந்துச்சு, அவளுக்கு போரடிச்சு விட்டுடலாமான்னு கேட்டா. ஜூலை நடுவுல கர்நாடகாவுல மழை. கோடு எந்திரிச்சுது பாருங்க, ஒரே நாள்ல அஞ்சாறு கட்டம் ஏறுது, ஸ்டூல் போட்டு ஏறி புள்ளி வைக்கிறா, கடைசில ஜூலை 30ல 120 அடி, அணை ஃபுல். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் சொல்லிட்டு வந்தா.

அதுக்கு நடுவுல "கனஅடின்னா என்னம்மா?"ன்னு ஒரு நாள் கேட்டா. எனக்கே சரியாத் தெரியல. அட்டைப்பெட்டிய வெட்டி நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, ஒசரம் ஒரு அடின்னு ஒரு பெட்டி செஞ்சோம். அதுல எவ்வளவு தண்ணி புடிக்கும்? கணக்குப்படி 28 லிட்டர் சொச்சம், அதாவது நாம வாங்குற 20 லிட்டர் வாட்டர் கேன் ஒண்ணு, அதுக்கு மேல எட்டு லிட்டர். கேன பெட்டி பக்கத்துல வச்சுப் பாத்தா. இப்ப பேப்பர்ல வினாடிக்கு லட்சம் கனஅடின்னு போட்டிருக்கு. ஒண்ணு எண்றதுக்குள்ள லட்சம் பெட்டி. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டா. டிஎம்சின்னா நூறு கோடி பெட்டி, மேட்டூர் ஃபுல்லா இருந்தா 93.47 டிஎம்சின்னு அவ அப்பா சொன்னதுக்கு "சும்மா சொல்லாதப்பா"ன்னுட்டா.

மேட்டூர்ல தொறந்த தண்ணி, காவேரி ரெண்டாப் பிரியுற முக்கொம்புக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகும். நாள் எண்ணிக்கிட்டே இருந்து ஆடிப்பெருக்குக்கு ஆத்துக்குப் போனோம். காவேரி எதுக்கு ரெண்டாப் பிரியுது, வெள்ளம் வந்தா ஏன் கொள்ளிடத்துப் பக்கம் திருப்புறாங்க, முக்கொம்புல அணைய 1836ல ஆர்தர் காட்டன்ங்கற வெள்ளைக்காரர் கட்டுனார், அந்த ஷட்டர்ல ஒம்பது 2018 ஆகஸ்ட்ல அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு, இதெல்லாம் அவளே கேட்டு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. இது சயின்ஸா, கணக்கா, வரலாறா, எந்த நோட்டுல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. பேப்பர் இன்னும் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு, பையன் கீழ்ப் பாதில கிறுக்கி வச்சிருக்கான்.

பிள்ளை தனியா வளந்தா கூச்ச சுபாவமா ஆயிடாதா? ஃப்ரெண்ட்ஸ்?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், பாதிக் கவல நியாயம்தான். பெரியவங்ககிட்ட பேச இவளுக்குப் பயமே இல்ல, மார்க்கெட்டு லைப்ரரின்னு தெனம் பேசிக்கிட்டே இருக்கா. ஆனா தன் வயசுப் பிள்ளைங்க பகல்ல தெருவுல யாரும் இல்ல, நாலரை மணிக்கு வர்றாங்க, அஞ்சரைக்கு டியூஷன் போயிடறாங்க. அந்த ஒரு மணி நேரம் எங்க வீட்டுல வேற எதுவும் கெடையாது, அது தெருவுக்கு. சனிக்கிழம சிலம்பம். மத்த ஹோம்ஸ்கூல் குடும்பங்க மூணு திருச்சிலயும் தஞ்சாவூர்லயுமா இருக்கு, மாசம் ஒரு தடவ கல்லணை, இல்ல ஸ்ரீரங்கம் பட்டாம்பூச்சி பூங்கா, இல்ல ஏர்போர்ட் பக்கம் கோளரங்கம்னு சேந்து போவோம். ஸ்வசிக்ஷன்னு இந்திய ஹோம்ஸ்கூலர் சங்கம் ஒண்ணு இருக்கு, அதுல தேடுனா உங்க ஊர்ல யாராவது இருப்பாங்க.

அவளுக்கு ஏக்கம் இருக்குங்க. யூனிஃபார்ம், ஆண்டு விழா டான்ஸு, வேன்ல போறது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பாப்பாவோட ஐடி கார்ட வாங்கி நாள் பூரா கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா. அத பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி நானும் அவரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போனா முடியுமா?

பெரியவங்க யாராவது வீட்டுல இருக்கணும், இல்லன்னா கஷ்டம், நேராவே சொல்லிடறேன். அவர் ஃபேப்ரிகேஷன் யூனிட்ல சூப்பர்வைசர், காலைல போனா ராத்திரிதான். நான் மூணு நாலு கடைக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்குறேன், மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அத்தை பாத்துக்குறாங்க. ஹோம்ஸ்கூலிங்னு அழகா சொல்றோம், பெரும்பாலான வீட்டுல அது அம்மா வேலைய விட்டுட்டான்னுதான் அர்த்தம். என் சம்பளம் போச்சு, அந்த ஃபீஸத்தான் நாங்க கட்டுறோம். மத்தபடி புக்கு, கலர், சிலம்பம் எல்லாம் சேத்தாலும் தனியார் ஸ்கூல் ஃபீஸ்ல கால்வாசிகூட வரல.

மாமியார் ஒத்துக்கிட்டாங்களா?

மொத வருஷம் பேசவே இல்ல. "ஊருல எல்லாப் பிள்ளையும் ஸ்கூலுக்குப் போகுது, எம் பேத்தி வெங்காயம் உரிக்குது"ன்னு போன்ல அவங்க தங்கச்சிகிட்ட அழுதாங்க. கோலம் கத்துக் குடுங்கத்தைன்னு நான் கேட்டதுக்கு அப்பறம்தான் மாறுனாங்க. இப்ப அவங்கதான் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், பிள்ளைங்க "அப்பாயி சொன்னாங்க"ன்னா நான் வாயத் தெறக்க முடியாது.

மொபைல், டிவி?

ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், கொறச்சா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிருக்கு. பையனுக்கு அரை மணி. எனக்கு ஜிஎஸ்டி கடைசித் தேதி வந்துச்சுன்னா ஒரு மணி.

பரீட்சை, சர்டிபிகேட் என்ன பண்ணுவீங்க?

என்ஐஓஎஸ், தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசோடது, 1989ல ஆரம்பிச்சது, சென்னைல மண்டல அலுவலகம் இருக்கு. சின்ன வகுப்புக்கு அடிப்படைக் கல்வின்னு மூணு லெவல், ஏ லெவல்ங்கறது மூணாவதுக்கு சமம், பி அஞ்சாவது, சி எட்டாவது. இது எழுதியே ஆகணும்னு இல்ல. பத்தாவதுக்கு நேரா 14 வயசு முடிஞ்சிருந்தா சேரலாம், அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும். ஒரே மூச்சுல எழுத வேணாம், சேந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் செல்லும், ஒம்பது வாய்ப்பு, ஏப்ரல்ல ஒரு பரீட்சை அக்டோபர்ல ஒரு பரீட்சை. நம்ம ஸ்டேட் போர்டுலயே தனித்தேர்வரா எட்டாவது எழுதலாம், பன்னண்டரை வயசு ஆகியிருக்கணும். தமிழ்நாட்டு அரசு வேலைங்கற எண்ணம் இருந்தா எந்தச் சர்டிபிகேட்டுக்கு சமநிலை இருக்குன்னு அப்ப இருக்குற அரசாணையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, யாரோ குரூப்ல சொன்னாங்கன்னு பணம் கட்டிடாதீங்க. ஆன்லைன்ல ஹோம்ஸ்கூல் சர்டிபிகேட் தர்றோம்னு விக்கிறவங்களும் இருக்காங்க, அது எந்த போர்டுன்னு மொதல்ல கேளுங்க.

நடுவுல ஸ்கூல்ல சேக்கணும்னா?

சேக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் நாலாவது பிரிவு, ஸ்கூலுக்கே போகாத பிள்ளைய வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், விட்டுப்போன பாடத்துக்கு தனிப் பயிற்சி குடுக்கணும். வயசுச் சான்று இல்லன்னுகூட திருப்பி அனுப்பக் கூடாது. அரசுப் பள்ளில இதுக்குப் பிரச்சன இல்ல. தனியார்ல டிசி எங்க, மார்க் ஷீட் எங்கன்னு இழுப்பாங்க, என்ட்ரன்ஸ் வைப்பாங்க. எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு, வருஷா வருஷம் மே மாசம் அவகிட்ட கேப்போம், போறியான்னு. போன மே மாசம் "யோசிச்சுச் சொல்றேன்"னா.

ஸ்கூலுக்குப் போகாததால எதாவது விட்டுப் போச்சா?

போச்சு, யாரும் இத சொல்லித் தர மாட்டாங்க. ஸ்கூல்ல சத்தமில்லாம நடக்குற ஆஸ்பத்திரி வேலை. 5ல இருந்து 6 வயசுக்குள்ள போடுற டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான ஊசி) பூஸ்டர், 10லயும் 16லயும் டிடி ஊசி, இது ஸ்கூல்ல போட்டுருவாங்கன்னு சொல்ற வழக்கம் இருக்கு. நம்ம பிள்ளைக்கு நாமதான் ஆரம்ப சுகாதார நிலையம் கூட்டிட்டுப் போகணும். எங்களுக்கு பூஸ்டர் மறந்தே போச்சு, நாலு மாசம் லேட்டாதான் போட்டோம், அந்த நர்ஸக்கா வச்சு வாங்கிட்டாங்க. குடல்புழு மாத்திரை வருஷம் ரெண்டு தடவ, பிப்ரவரி, ஆகஸ்ட், அங்கன்வாடில போய் கேட்டா தருவாங்க. கண் டெஸ்ட் நீங்களே பண்ணுங்க. பஸ் போர்ட வாசிக்கலன்னா சோம்பேறித்தனம்னு திட்டுறதுக்கு முன்னாடி கண்ணப் பாருங்க.

யாருக்கு இது வேணாம்னு சொல்வீங்க?

பிள்ளைய ஒலிம்பியாடுக்கு ரெடி பண்ணணும், பத்து வயசுல பத்தாவது எழுத வைக்கணும்னு இருக்கவங்களுக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருல ஒருத்தருக்கு இஷ்டம் இல்லன்னா. வீட்டுல தெனம் சண்டைன்னா, அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல்தான் நிம்மதி. காலைல ஒரு டம்ளர் பால் கொட்டுனா கத்துவீங்கன்னா கொஞ்சம் யோசிங்க, நானும் கத்துவேன், இப்ப கொறஞ்சிருக்கு. அப்பறம் மதிய உணவு, காலை உணவு, புக்கு, சைக்கிள்னு அரசுப் பள்ளி தர்றது நெறைய குடும்பத்துக்கு ரொம்பப் பெருசு, அத விட்டுட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

எதுவும் வாங்காதீங்க. ஒரு மாசம் சும்மா விடுங்க, ஸ்கூல்ல இருந்து நிறுத்துன பிள்ளைன்னா இன்னும் ரெண்டு மாசம் கூட. மொதல்ல போரடிக்குதுன்னு உசுர எடுப்பாங்க. அப்பறம் எதையாவது நோண்டுவாங்க, அது என்னன்னு கவனிங்க. எங்க வீட்டுல அது எறும்பு, சமையக்கட்டுல இருந்து எங்க போகுதுன்னு பின்னாடியே போயி மொட்டை மாடி வரைக்கும்.

ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்து பாக்கலாமா?

வாங்களேன். காலைல ஒம்பதுக்கு முன்னாடி மட்டும் வேணாம், வீடு போர்க்களமா இருக்கும். சின்னவன் உங்க கைல ஒரு கிண்ணம் பூண்டக் குடுத்து உரிக்கச் சொல்வான், எத்தன பல்லுன்னு எண்ணியும் சொல்லணும், தப்பா சொன்னா கண்டுபுடிச்சுருவான்.